சோதனை தப்பாக வந்தால் என்ன எழுதுவீர்கள்? பள்ளி வேதியியல் வகுப்பு, நாடு நாடாக

தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் 1998இல் தென்மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவன். இப்போது 11 ஆண்டாக இங்கிலாந்தில் வேதியியல் ஆசிரியர். போன வாரம் வகுப்பில் நடந்த ஒன்று மனதிலேயே நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

ஏ லெவல் (நம் பிளஸ் டூ போன்றது) முதலாமாண்டு மாணவர்கள் தாங்களே சோடியம் கார்பனேட் எடை போட்டு, 250 மிலி கரைசல் தயாரித்து, அமிலத்தோடு தரம் பார்த்தார்கள் (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது). வகுப்பில் எல்லாருக்கும் 25 மிலியை ஒட்டி வந்தது. ஒரு மாணவிக்கு மட்டும் 23.40, 23.35, 23.45. அவள் என்னிடம் வந்து, "என் அளவுகள் மூன்றும் ஒத்துப்போகின்றன, வகுப்போடுதான் ஒத்துப்போகவில்லை, அப்படியென்றால் தப்பு என் கரைசலில்தான் இருக்க வேண்டும்" என்றாள். போய்ப் பார்த்தோம். எடை போட்ட தட்டில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டைக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடுவையில் ஊற்ற மறந்திருக்கிறாள். 23.40 என்று எழுதி, கீழே காரணத்தையும் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது 1998. செய்முறைத் தேர்வு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்துத் தரம் பார்த்தல். எனக்கு 18.6 வந்தது. பக்கத்து மேசையில் 19.8. மறுபடி செய்ய நேரமில்லை. நான் 19.8 என்று எழுதினேன். அப்போது வேதியியலுக்கு 200 மதிப்பெண், அதில் 50 செய்முறைக்கு. 50க்கு 50 கிடைத்தது. 18.6 ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் ஊரில், உங்கள் பிள்ளைகள் படிக்கும் ஊரில், சோதனை தப்பாக வந்தால் மாணவன் என்ன எழுதுகிறான்? கட்டடம், கருவி எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் இதைச் சொல்லுங்கள்.


மானிப்பாயான்

நல்ல கேள்வி. எங்களுக்குச் சோதனை தப்பாக வர வாய்ப்பே இருக்கவில்லை, ஏனென்றால் சோதனையே இருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் (உங்கள் பிளஸ் டூ) படித்தது 1992, 93இல். பொருளாதாரத் தடை. பற்றரி இல்லை, யூரியா இல்லை, மண்ணெண்ணெய் அளந்துதான். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். ஆய்வுகூடத்தில் போத்தல்கள் வரிசையாக இருந்தன, பாதிக்கு மேல் வெறும் போத்தல். அளவியையும் குழாயியையும் (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு: பியூரெட், பிப்பெட்; கரைசலை அளந்து விடுவதும் உறிஞ்சி எடுப்பதுமான கண்ணாடிக் குழாய்கள்) கண்ணாடி அலுமாரிக்கு வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். இலங்கை உயர்தர இரசாயனவியலில் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லை. பல்தேர்வுக் கேள்விகள் ஒரு தாள், கட்டமைப்பும் கட்டுரையும் இன்னொரு தாள். நியமிப்பு (நீங்கள் சொல்லும் தரம் பார்த்தல்) பற்றிக் கேள்வி வரும், எழுதி விடுவோம். கையால் செய்ததில்லை.

ஆனால் எங்கட சேர் ஒருநாள் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடைய மோட்டார் சைக்கிளைக் காட்டினார். அந்த நாளில் எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் ஓடினோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பிடிக்காது. ஒரு சின்னக் குழாயால் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். "ஏன்?" என்று கேட்டார். காபன் சங்கிலி நீளம், மூலக்கூற்றிடை விசை, ஆவிப்பறப்பு எல்லாம் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றபடி சொல்லித் தந்தார். முப்பது வருசம் கழித்தும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு இரசாயனம். போன மாதம் வீழ்படிவு (கரைசலிலிருந்து படியும் திண்மம்) ஒன்றைத் தயாரித்து, கிடைக்க வேண்டியதில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று விளைவு வீதம் கணித்தாள். 112 சதவீதம். நான் பதறிப்போய், "நூறுக்கு மேல் வராது, திருத்தி எழுது" என்றேன். அவள் திருத்தவில்லை. வடிதாள் முழுதாகக் காயவில்லை, தண்ணீரின் நிறையும் சேர்ந்துவிட்டது, மறுநாளும் நிறுத்திருக்க வேண்டும் என்று ஒரு பந்தி எழுதினாள். அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளி. ஒன்ராறியோவில் மாகாணத்துக்குப் பொதுவான இரசாயனப் பரீட்சை இல்லை. 70 சதவீதம் வருட வேலைக்கு, 30 சதவீதம் கடைசி மதிப்பீட்டுக்கு, எல்லாம் பள்ளிக்குள்ளேயே. அறிவுக்குத் தனி, சிந்தனைக்குத் தனி, சொல்லும் முறைக்குத் தனி, பிரயோகத்துக்குத் தனி என்று பிரித்துப் புள்ளி போடுகிறார்கள். அன்றிரவு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.


கரும்பலகை

நான் டெல்டா மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். தாமிரபரணி சார் சொன்னதைப் படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது, அதே நேரம் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது.

என் பிளஸ் டூ வகுப்பில் 58 பேர். உருப்படியான பியூரெட் 12. ஆய்வக உதவியாளர் பணியிடம் காலி. ஒரு பாடவேளை 45 நிமிடம், அதில் பத்து நிமிடம் ஆய்வகத்துக்கு வந்து சேரவே போய்விடும். இதில் மூன்று பேட்ச் போட வேண்டும். இருந்தும் என் பிள்ளைகள் ஒவ்வொருவரும் செய்முறைத் தேர்வில் தனியாக மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள். வெளிப் பள்ளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். இப்போது மொத்தம் 100, அதில் 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. அந்த 20 மதிப்பெண் இருப்பதால்தான் ஆய்வகத்தின் பூட்டே திறக்கப்படுகிறது. செய்முறைத் தேர்வை எடுத்துவிட்டால், 2017லிருந்து நீட் வந்தபின் இருக்கிற நெருக்கடியில், ஒரு பள்ளியாவது பியூரெட்டைக் கழுவி வைக்குமா? நீட்டில் வேதியியலுக்கு 180 மதிப்பெண், அத்தனையும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான்.

பிள்ளைகள் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுவதற்குக் காரணம் அவர்கள் நேர்மையில்லாதவர்கள் என்பதல்ல. எல்லாருக்கும் ஒரே கரைசலைக் கொடுக்கிறோம். சரியான மதிப்பிலிருந்து எவ்வளவு விலகினால் எவ்வளவு குறையும் என்று மதிப்பெண் போடுகிறோம். அப்படியிருக்கும்போது 18.6 வந்த பையன் 19.8 எழுதத்தான் செய்வான். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் செய்முறைத் தேர்வே இல்லை என்று கேள்விப்பட்டேன். அங்கே எப்படி?


தாமிரபரணி

கரும்பலகை சார், நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். இங்கே உள்ளதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2015இல் ஏ லெவல் பாடத்திட்டம் மாறியபோது செய்முறை, கிரேடிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டில் குறைந்தது 12 செய்முறை. ஆசிரியர் பார்த்துத் தேர்ச்சி என்று சான்று கொடுக்கிறார். அது சான்றிதழில் தனி வரியாக வரும், கிரேடை ஒன்றும் செய்யாது. ஆனால் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீதம் செய்முறை பற்றிய கேள்விகள். மதிப்பெண் பயம் இல்லாததால்தான் அந்த மாணவி 23.40 என்று துணிந்து எழுதினாள். இது நல்ல பக்கம். மறுபக்கம், ஜிசிஎஸ்இ (நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்றது) அளவில் வேதியியலைத் தனிப் பாடமாக எடுப்பவர்கள்தான் தரம் பார்த்தலைச் செய்கிறார்கள். அறிவியலை ஒன்றாகச் சேர்த்துப் படிப்பவர்களே அதிகம், அவர்கள் பியூரெட்டைத் தொடாமலே 16 வயதில் வேதியியலை விட்டுவிடலாம். உப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "என்ன இருக்கிறது, கண்டுபிடி" என்று மூன்று மணி நேரம் தனியாக நிற்க வைப்பது இங்கே கிடையாது. அந்த மூன்று மணி நேரத்தை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இங்கே எனக்கு மிகப் பெரிய துணை ஆய்வக டெக்னீஷியன்தான். காலையில் தள்ளுவண்டியில் எல்லாக் கரைசலும் பெயர்ச்சீட்டோடு வந்து நிற்கும். பாதுகாப்புக்கு கிளீப்ஸ் என்று 1963லிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தப் பொருளை எந்தச் செறிவில், எந்த வயதினர் கையாளலாம் என்று அட்டை அட்டையாக வைத்திருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்கலாம். 2016இல் அவர்கள் ஓர் எச்சரிக்கை விட்டார்கள். கார்பனைல் தொகுதியைக் கண்டறியும் 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் ஈரமாக இருக்கும்வரை பிரச்சினையில்லை, காய்ந்துபோனால் வெடிக்கும் தன்மை வந்துவிடும், அலமாரியைப் பாருங்கள் என்றார்கள். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு வெடிகுண்டு செயலிழப்புக் குழு போய் அகற்ற வேண்டி வந்தது. நான் அன்று யோசித்தது என் பழைய பள்ளியின் அலமாரியைத்தான். அதில் என்னென்ன காய்ந்து கிடந்ததோ.


சோதனைக்குழாய்

நான் ஆய்வக உதவியாளராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேத்தி இந்த இழையைக் காட்டினாள். டெக்னீஷியன் துணை என்று தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எங்கள் வேலை வெளியே தெரியாது. தேர்வுக்கு முந்தின நாள் இரவு பத்து மணிவரை கரைசல் கலக்குவேன். ஆக்சாலிக் அமிலம் லிட்டருக்கு 6.3 கிராம், பெர்மாங்கனேட் 3.16 கிராம், மோர் (Mohr) உப்பு 39.2 கிராம், எல்லாம் 0.1 நார்மல் செறிவு. இதை எழுந்திருக்கும்போதே சொல்வேன். நைட்ரிக் அமிலம் பட்டு விரல் மஞ்சளாக இருக்கும். சில்வர் நைட்ரேட் பட்ட இடம் கறுத்து, தோல் உரிந்தால்தான் போகும். கையுறை என்று ஒன்றை நான் வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் கழித்துத்தான் பார்த்தேன். பிப்பெட்டை எல்லாப் பிள்ளைகளும் வாயால்தான் உறிஞ்சினார்கள். ஆக்சாலிக் அமிலம் விஷம். வாயில் போய்விட்டால் ஓடி வந்து என்னிடம்தான் நிற்பார்கள், தண்ணீரால் பத்துத் தடவை கொப்பளிக்கச் சொல்வேன். கிப் உபகரணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு எடுக்கிற நாளில் பத்தாம் வகுப்பு வரை அழுகின முட்டை நாற்றம் போகும். காற்றை வெளியே இழுக்கிற பெட்டி கிடையாது, ஜன்னல்தான்.

பிள்ளைகள் மேல் தப்பில்லை என்று கரும்பலகை ஐயா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எல்லா மேசைக்கும் ஒரே கரைசல்தான் என்று விதி ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்த நாலு வருடமும் நான் மூன்று விதச் செறிவில் கலந்து வைத்தேன், பக்கத்து மேசை அளவைப் பார்த்து எழுதினால் பொருந்தாது. பாட்டிலில் சிவப்பு, பச்சை, நீல நூல் கட்டியிருப்பேன்.


செங்காந்தள்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வில் வேதியியலுக்கு மூன்று தாள். மூன்றாவது செய்முறை, 20 விழுக்காடு. இடையில் சில ஆண்டுகள் பள்ளியிலேயே ஆசிரியர்கள் மதிப்பிடும் முறை இருந்தது, அதை விட்டுவிட்டு மறுபடி ஒரே நாள் தேர்வுக்குத் திரும்பிவிட்டார்கள். மாணவர்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாக எழுதுவார்கள், முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் அடுத்தவர்களைச் சந்திக்க முடியாதபடி தனி அறையில் உட்காரவைப்போம்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒன்று: எந்த அயனிக்கு எந்தக் கரைசல் ஊற்றினால் எந்த நிறத்தில் வீழ்படிவு வரும் என்ற பட்டியல் வினாத்தாளின் கடைசியிலேயே அச்சிட்டிருக்கும். மனப்பாடம் வேண்டாம். அதனால் கேள்வி வேறு இடத்துக்குப் போகிறது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கண்டதை எழுத வேண்டும். வெள்ளை வீழ்படிவு, அதிகமாக விட்டால் கரைந்து நிறமற்ற கரைசல். "தெளிவான கரைசல்" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. நீல நிறக் கரைசலும் தெளிவாகத்தானே இருக்கும்?

ஆனால் இதை வைத்து இங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். துணைப்பாட வகுப்புகளில் இந்தச் சொற்றொடர்களையே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். சோதனைக்குழாயைப் பார்க்காமலே "நிறமற்ற கரைசல்" என்று எழுதிய மாணவனை நானே பிடித்திருக்கிறேன். குழாய் கலங்கலாகவே இருந்தது. எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அதற்கென்று ஒரு மனப்பாடம் பிறந்துவிடுகிறது.


ரைன்கரை

ஜெர்மனியில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நான் ஆசிரியன் இல்லை, பெற்றோர் கூட்டத்தில் கேட்டதையும் பிள்ளைகளின் கொப்பிகளில் பார்த்ததையும் சொல்கிறேன்.

இங்கே சோதனைக் குறிப்பில் செய்த முறை, கண்டது, அதன் பொருள் என்று மூன்று பகுதி. அதில் "கண்டது" என்ற பகுதியில் மிகக் கடுமையாக இருக்கிறார்கள். என் மகன் மக்னீசியத்தை அமிலத்தில் போட்டுவிட்டு "ஹைட்ரஜன் வெளியேறியது" என்று எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் கோடிட்டு, "ஹைட்ரஜனை நீ பார்த்தாயா? எதைப் பார்த்தாய்?" என்று எழுதியிருந்தார். குமிழ்கள் வந்தன, குழாய் சுட்டது, உலோகம் சிறுத்தது. அவ்வளவுதான் அந்தப் பகுதியில் வர வேண்டும். ஹைட்ரஜன் அடுத்த பகுதிக்கு உரியது, அதற்கும் எரியும் குச்சியை வைத்து "பொப்" சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு, அதுவும் கணிசமானது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன் அடங்கியிருக்கப் பழக்கிய மூத்தவனுக்கு முதல் இரண்டு வருடம் இதனாலேயே மதிப்பெண் குறைந்தது. அவனுக்குப் பாடம் தெரியும், கை தூக்கத் தெரியாது. புற்றுநோய் உண்டாக்கும் வகைப் பொருள்களை மாணவர் கையில் கொடுக்க மாட்டார்கள், அதனால் டைகுரோமேட்டின் அந்த அழகான ஆரஞ்சு நிறத்தை அவன் படத்தில்தான் பார்த்தான். நான் அதைக் கையில் வைத்துக் குலுக்கியிருக்கிறேன் என்றால் நம்ப மாட்டேன் என்கிறான்.


கரும்பலகை

ரைன்கரை அவர்களே, இதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். நம்மிடமும் அதே மூன்று கட்டம் இருக்கிறது! சோதனை, காண்பது, அறிவது. உப்புப் பகுப்பாய்வு முழுக்க அப்படித்தான் எழுதுகிறோம். நம் பிள்ளைகள் மூன்றாவது கட்டத்தை முதலில் நிரப்பிவிடுகிறார்கள். எந்த உப்பு என்று யாரோ சொல்லிவிடுவார்கள், அப்புறம் அதற்கு ஏற்றபடி நடுக் கட்டத்தை எழுதுவார்கள். கோடு போட்டவர்கள் நல்ல யோசனையோடுதான் போட்டிருக்கிறார்கள். நாம்தான் வலமிருந்து இடமாக எழுதுகிறோம்.


மிச்சிகன்வாசி

அமெரிக்கா பற்றி யாரும் சொல்லவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடம்) வேதியியலில் குறைந்தது 16 ஆய்வகச் சோதனைகள், அதில் குறைந்தது ஆறு, வழிமுறையைக் கொடுக்காமல் கேள்வியை மட்டும் கொடுத்து மாணவரே வழி தேடும் வகையாக இருக்க வேண்டும். பாட நேரத்தில் கால்வாசி ஆய்வகத்துக்கு. மகளுடைய ஆய்வகக் குறிப்பேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும். தப்பானால் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு, அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். நான் பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து வளர்ந்தவள். அந்த ஒற்றைக் கோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

இது எல்லாப் பள்ளியிலும் இல்லை. ஏபி வைக்க வசதியே இல்லாத பள்ளிகள் பக்கத்து ஊரிலேயே இருக்கின்றன. பாதுகாப்பிலும் பெருமைப்பட முடியாது. மெத்தனாலை ஊற்றி உப்புகளை எரித்து வண்ண வண்ணச் சுடர் காட்டும் செயல்விளக்கத்தில் பல மாணவர்கள் தீக்காயம் பட்டிருக்கிறார்கள். 2013 டிசம்பரில் மத்திய அரசின் ரசாயன விபத்து ஆய்வு வாரியம் அதைப் பற்றி எச்சரிக்கைப் படம் வெளியிட்டது. சில வாரத்திலேயே, 2014 ஜனவரியில், நியூயார்க்கில் ஒரு பள்ளியில் அதே விபத்து மறுபடி நடந்தது. ஆய்வக வகுப்பில் 24 பேருக்கு மேல் கூடாது என்பது அறிவியல் ஆசிரியர் சங்கத்தின் பரிந்துரை. கரும்பலகை சார் 58 பேரை வைத்துக்கொண்டு ஒரு விபத்தும் இல்லாமல் நடத்துவதை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.


வன்னிமகள்

நான் இப்போது வன்னியில் உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். மானிப்பாயான் அண்ணை, நீங்கள் படித்த காலம் போல் இல்லை. கட்டடம் இருக்கிறது, கண்ணாடிப் பொருட்கள் இருக்கின்றன. பிள்ளைகள்தான் இல்லை. பரீட்சை நெருங்கினால் எல்லாரும் ரியூசனில். ஒரு மண்டபத்தில் சில நூறு பேர், பின்வரிசைக்கு ஒலிபெருக்கியில் கேட்கும். நியமிப்பில் நிறம் மாறும் அந்த முடிவுப்புள்ளியை ஒலிபெருக்கியில் எப்படிக் காட்டுவது? செய்முறைப் பரீட்சை இருந்தால் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள் என்று நான் மனதார நம்புகிறேன். அந்த விசயத்தில் நான் கரும்பலகை சேரின் பக்கம்.

இன்னொரு விசயம் யாரும் தொடவில்லை. மொழி. நாங்கள் ஒட்சிசன், ஐதரசன், பரமங்கனேற்று என்று படிப்பிக்கிறோம், தமிழ்நாட்டில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், பெர்மாங்கனேட். நாங்கள் மூலம் என்பதை நீங்கள் காரம் என்கிறீர்கள். யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்பு பார்த்துவிட்டு வரும் பிள்ளை, "ரீச்சர், காரம் வேற மூலம் வேறயா?" என்று கேட்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார், அதற்காகக் கலைச்சொற்கள் தேடினார். இத்தனை வருசத்துக்குப் பிறகும் கடலின் இரண்டு பக்கமும் ஒரே சோதனைக்கு இரண்டு பெயர். பிறகு பல்கலைக்கழகம் போனால் எல்லாம் ஆங்கிலம். ஆனாலும் ஒன்று பார்த்திருக்கிறேன். ஏன் தப்பாக வந்தது என்று கேட்டால், ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன பிள்ளை ஒரு வரி எழுதும். தமிழில் எழுதச் சொன்னால் அரைப் பக்கம் எழுதும்.


மானிப்பாயான்

தங்கச்சி, அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். என் மகள் ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதினாள் என்றால் அது அவள் நினைக்கும் மொழி. சொந்த மொழியில்தான் ஒருவர் தன் பிழையை விளக்க முடியும் போலிருக்கிறது.


கரும்பலகை

எட்டு நாள் கழித்து வருகிறேன். சோதனைக்குழாய் ஐயா சொன்னதைச் செய்து பார்த்தேன்.

பெர்மாங்கனேட்டை மூன்று விதமாக, லிட்டருக்கு 3.0, 3.16, 3.3 கிராம் வீதம், நானே கரைத்தேன். நூல் கட்டினேன். 20 மிலி ஆக்சாலிக் அமிலத்துக்கு ஏறக்குறைய 21.1, 20.0, 19.2 வர வேண்டும். பிள்ளைகளிடம் இரண்டே விஷயம் சொன்னேன். மதிப்பு எவ்வளவு வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த அளவையும் அழிக்கக் கூடாது, வேண்டாத அளவை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் காரணம் எழுதினால் போதும்.

முதல் பேட்ச் தவித்துப்போய்விட்டது. "சார், எவ்வளவு வரணும்? பச்சை நூலுக்கு மட்டும் சொல்லுங்க சார்." இரண்டு பேர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். நான் தப்புச் செய்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது பேட்ச்சில் பச்சை நூல், அதாவது 3.16, வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதல் அளவு 21.3. அது சிவப்பு நூல் மதிப்புக்குப் பக்கம் இருந்ததால், பக்கத்து மேசையில் பார்த்து எழுதிவிட்டாள் என்றே நினைத்தேன். அதற்குள் அவள் அதை அடித்துவிட்டு எழுதியிருந்ததைப் படித்தேன்: "சூடு ஆறிவிட்டது. இளஞ்சிவப்புக்குப் பதில் பழுப்பாக வந்தது. திரும்பவும் சூடுபண்ணிச் செய்தேன்." அடுத்த இரண்டு அளவுகள் 20.1, 20.2. குடுவை ஆறினால் மாங்கனீஸ் டைஆக்சைடு பழுப்பாக வரும், பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும் என்று நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. புத்தகத்தில் சூடுபடுத்து என்று இருக்கிறது, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 22 வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.

பொதுத் தேர்வில் இதைச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. வகுப்பில் செய்யலாம். இரண்டு உதவி வேண்டும். மூன்று விதக் கரைசல் கலக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது, சுருக்கு வழி இருக்கிறதா? இரண்டாவது, வாயால் உறிஞ்சுவதை நிறுத்த வேண்டும், ரப்பர் பல்ப் வாங்க இந்த ஆண்டு நிதி இல்லை.


தாமிரபரணி

சார், 12 பல்ப் என் பொறுப்பு. ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன், முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். கண்ணாடியும் சேர்த்து அனுப்புகிறேன், கண்ணுக்கு. கரைசல் அதிகம் செலவாகிறது என்றால், குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் சொட்டுச் சொட்டாகச் செய்யும் நுண்ணளவு வேதியியலைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வகமே இல்லாத பள்ளிகளை நினைத்து இதை வளர்த்தார்கள். அயனிச் சோதனைகளுக்கு 58 பேருக்கும் ஒரே நேரத்தில் போதும். வன்னிமகள் ரீச்சர், உங்களுக்கும் இது உதவும். மூன்று பேரும் சேர்ந்து தமிழில் ஒரு செய்முறைத் தாள் எழுதலாமா? இரண்டு பக்கத்துச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு.


வன்னிமகள்

எழுதுவோம். அளவி, பியூரெட் இரண்டும் ஒரே படத்தின் கீழ் வரட்டும்.


சோதனைக்குழாய்

கரும்பலகை ஐயா, மூன்று தடவை தனித்தனியாக எடை போட வேண்டாம். கெட்டியாக ஒரே கரைசல் கலந்து வைத்துக்கொண்டு, அளவு ஜாடியால் அளந்து தண்ணீர் சேர்த்து மூன்றாகப் பிரியுங்கள். ஒரு மணி நேர வேலை. பெர்மாங்கனேட்டை வகுப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே கரைத்து, பழுப்பு பாட்டிலில் இருட்டில் வையுங்கள். அடியில் படிந்ததைக் கண்ணாடிப் பஞ்சு வைத்து வடிகட்டுங்கள். வடிதாளில் வடிகட்டாதீர்கள், தாளே அதைக் கெடுத்துவிடும்.

தாமிரபரணி தம்பி, உங்கள் 18.6 பற்றி இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் பள்ளியில் எப்படியோ, எங்கள் பள்ளியில் ஒரு பேட்ச் முடிந்ததும் பிப்பெட்டைத் தண்ணீரில் கழுவி அப்படியே அடுத்த பேட்ச் மேசையில் வைத்துவிடுவோம். அவசரத்தில் துடைக்க முடியாது. அடுத்து வருகிற பிள்ளை, எடுக்கப்போகிற கரைசலாலேயே ஒரு தடவை அலசிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். நேரமில்லை என்று நேராக உறிஞ்சியிருந்தால் உள்ளே நின்ற தண்ணீர் கலந்து கரைசல் நீர்த்துப்போயிருக்கும். அளவு குறையத்தான் செய்யும். நீங்கள் எத்தனையாவது பேட்ச் என்று ஞாபகம் இருக்கிறதா?


தாமிரபரணி

இரண்டாவது பேட்ச், ஐயா. பிப்பெட் கையில் வாங்கும்போது ஈரமாக இருந்தது.